திருச்சி – பலாலி வான்வழி பிறந்த கதை

திண்டுக்கல்லை அடுத்த ரெட்டியார்சத்திரத்திலிருந்து சென்னைக்குச் சாலைவழியாக நானூறு கிலோமீட்டருக்கு மேல். இதே ஊரிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு வரைபடத்தில் நேர்கோடு போட்டால் ஏறக்குறைய 250தான். நம் பக்கத்தில் பலர் இதைக் கேட்டால் நம்பமாட்டார்கள்.

இலங்கையின் வடகோடியில் இருக்கும் பலாலி ஓடுபாதை, இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. போர் ஓய்ந்தபின் அது மக்களுக்குப் பயன்பட்டது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், ஒரு டகோட்டா, கொழும்பு இரத்மலானையிலிருந்து கிளம்பியது. சேரவேண்டிய இடம் சென்னை. நடுவில் இறங்கியது காங்கேசன்துறையை அடுத்த இந்தப் பலாலியில். இலங்கைக்கு அப்போது விடுதலைகூடக் கிடைக்கவில்லை. பின்னாளில் திருச்சிக்கும் பலாலிக்கும் இடையே விமானம் பறந்தது.

1978இல் ஏர் சிலோன் மூடப்பட்டது. 1983இல் இலங்கைத் தமிழர்மீது இனப்படுகொலை, அதன்பின் போர். பலாலி இராணுவத் தளமாகி, சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரர் சென்னைக்கு வரவேண்டுமென்றால் கிட்டத்தட்ட நானூறு கிலோமீட்டர் தெற்கே கொழும்புப் பக்கம் போய், கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, மறுபடி வடக்கே பறக்கவேண்டியிருந்தது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 சாலை மூடிக்கிடந்தபோது அந்தச் சாலைவழிச் சுற்றும் இல்லை. இடையிலிருந்த கடல் ஒரு முழம்கூட அகலமாகவில்லை. பயண நேரத்தை நீட்டியது போர்தான். இதைச் சொல்லாமல் இந்த வழியின் தூரக்கணக்கை எழுத எனக்கு மனம் வரவில்லை.

2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணப் பன்னாட்டு விமான நிலையம் என்ற பெயரில் பலாலி திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் வந்தது. நான்கே மாதத்தில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ திருச்சியிலிருந்து பறக்க ஆரம்பித்தது.

திருச்சிக்கும் பலாலிக்கும் வான்வழித் தூரம் 185 கிலோமீட்டர் அளவு. இந்த வழியில் ஓடும் ஏடிஆர் விசிறி விமானம் முழுவேகத்தில் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். அப்படியானால் அரைமணிகூட ஆகாதே என்று தோன்றும். கால அட்டவணையில் இருப்பதோ ஏறக்குறைய ஒரு மணி நேரம். சக்கரத்துக்கு வைத்த முட்டுக்கட்டையை எடுப்பதிலிருந்து, போய் நின்று மறுபடி முட்டுக்கட்டை வைக்கும்வரை எல்லாம் பயண நேரத்தில் சேரும். தரையில் ஊர்வது, மெல்ல உயரம் ஏறுவது, இறங்கும் ஓடுபாதைக்கு நேராக வளைந்து வருவது என்று குறுகிய பயணத்தில் பாதி நேரம் இவற்றுக்கே போய்விடும்.

திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர்களுக்காகக் கட்டிய 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டன. சொந்தமண்ணை விட்டுப் படகேறி வந்தவர்களின் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அவர்களுக்கு ஊர்ப்பக்கம் போய்வர இந்தத் திருச்சி – பலாலி வழியைவிடக் கிட்டத்து வான்வழி வேறில்லை. பயணச்சீட்டு விலையும் தாள்வேலையும் அவர்கள் கைக்கு எட்டும்படி இருக்கவேண்டும். திண்டுக்கல்லிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குப் பேருந்தில் போகும் நேரம், அங்கிருந்து பலாலிக்குப் பறக்கும் நேரத்தைவிட அதிகம்.