"ஆப் தப்பா காட்டிடுச்சு டாக்டர்": 28 நாள் கணக்கின் 180 வருஷக் கதை

"கடைசியா பீரியட்ஸ் எப்பம்மா வந்துச்சு?" ஓ.பி.யில் நான் தினமும் கேட்கிற முதல் கேள்வி இது. முன்னாடி "போன அமாவாசைக்கு ரெண்டு நாள் கழிச்சு", "தங்கச்சி வளைகாப்பு அன்னிக்கு" என்று பதில் வரும். இப்போ போனை நீட்டுறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா அடுத்த வரி பெரும்பாலும் இதுதான்: "பன்னெண்டாம் தேதி வரும்னு ஆப் சொல்லுச்சு டாக்டர், இன்னும் வரல. எனக்கு ஏதாவது பிரச்சனையா?"

இந்தப் பயத்துக்குப் பின்னால ஒரு நீளமான வரலாறு இருக்கு. பொறுமையா படிங்க, த்ரெட் கொஞ்சம் பெருசு.

1840-களுக்குப் போவோம். ஜெர்மனியில் பிஷோஃப், பிரான்ஸில் புஷே. ரெண்டு பேரும் விலங்குகளை ஆராய்ந்து, உடலுறவு நடந்தாலும் நடக்காட்டாலும் கருமுட்டை தானாகவே வெளியாகும் என்று காட்டினாங்க. பெரிய கண்டுபிடிப்பு. ஆனா கூடவே ஒரு பெரிய தப்பும் ஒட்டிக்கிட்டது. பெண் நாய்க்கு இனப்பெருக்கக் காலத்தில் ரத்தம் வரும், முட்டையும் அதை ஒட்டியே வரும். அப்போ மனுஷிக்கும் அப்படித்தானேன்னு முடிவு கட்டிட்டாங்க. மாதவிடாயை ஒட்டிய நாட்களில்தான் கரு உண்டாகும், நடு மாசம் பாதுகாப்பு!

சிரிக்காதீங்க. எத்தனை தலைமுறைக்கு டாக்டர்கள் இதையே ஆலோசனையா சொல்லியிருக்காங்கன்னு யோசிங்க. குழந்தை வேண்டாம்னு கேட்டு வந்த பெண்ணுக்கு, கரு தங்க வாய்ப்பு ரொம்ப அதிகமான நாட்களைக் காட்டி "இது சேஃப்" என்று எழுதிக் கொடுத்திருக்காங்க. எங்க துறையின் வெட்கக்கேடான பக்கங்களில் இதுவும் ஒண்ணு.

இதைத் திருத்தினவர் பெரிய தலைநகரப் பேராசிரியர் இல்லை. ஜப்பானின் நீகாட்டா ஊரில், டகேயாமா மருத்துவமனையில் வேலை பார்த்த மகப்பேறு மருத்துவர் க்யூசாகு ஒகினோ. வேற காரணத்துக்காக வயிற்று ஆபரேஷன் செய்யும்போது சினைப்பையைக் கவனமா பார்ப்பார். முட்டை வெளியாகிட்டதா, வெளியான இடத்தில் உருவாகிற மஞ்சள் நிறக் 'கார்பஸ் லூட்டியம்' எந்த நிலையில் இருக்கு என்று குறிச்சுக்குவார். கடைசி பீரியட்ஸ் எப்போன்னு எல்லா டாக்டரும் கேட்பாங்க. இவர் ஆபரேஷனுக்கு அப்புறம் அடுத்த பீரியட்ஸ் எப்போ வந்துச்சுன்னும் கேட்டார். விஷயமே அங்கதான் இருக்கு.

அதுவரைக்கும் எல்லோரும் போன மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணிக் குழம்பிக்கிட்டு இருந்தாங்க. ஒருத்திக்குப் பத்தாம் நாள், இன்னொருத்திக்கு இருபதாம் நாள், ஒழுங்கே தெரியல. ஒகினோ திருப்பிப் போட்டு, அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணினார். சுழற்சி எவ்வளவு நீளமா இருந்தாலும், முட்டை அதற்கு 12 முதல் 16 நாள் முன்னாடி வெளியாகிறது! 1924-ல் ஜப்பானிய மொழியில் எழுதினார், 1930-ல் ஜெர்மன் மொழியிலும் வந்தது. கிட்டத்தட்ட அதே சமயம் ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்னாஸ் வேற வழியில், முயல்களின் கருப்பைத் தசையை வெச்சு ஆராய்ந்து, இதே மாதிரியான முடிவுக்கு வந்தார். அதனால ஒகினோ–க்னாஸ் முறை என்று பேர்.

ஒரு நிமிஷம் யோசிங்க. ஒகினோ சொன்னபடி முட்டை எப்போ வெளியாச்சுன்னு தெரியணும்னா, அடுத்த பீரியட்ஸ் வந்திருக்கணும். அதாவது நடந்து முடிஞ்ச பிறகுதான் உறுதியா சொல்ல முடியும். நடக்கப்போறதுக்கு? பழைய மாசங்களை வெச்சு ஒரு கணிப்பு, அவ்வளவுதான்.

ஒகினோவுக்கு இது நல்லாவே தெரியும். குழந்தைக்காக ஏங்குறவங்களுக்கு இந்தக் கணக்கு உதவும்னுதான் நினைச்சார். கருத்தடைக்கு இதை நம்பாதீங்கன்னு எதிர்த்தார். உலகம் கேட்கல. 1932-ல் சிகாகோ டாக்டர் லியோ லாட்ஸ் இதைக் கருத்தடை வழியா விளக்கி எழுதின புத்தகம் அமெரிக்காவில் பிரபலமாச்சு. 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ், தகுந்த காரணம் இருந்தா பாதுகாப்பான நாட்களைக் கணக்கிட்டுக்கலாம் என்றார். பிரான்ஸில் கணக்கு தப்பிப் பிறந்த குழந்தைகளுக்கு 'ஒகினோ பிள்ளைகள்' என்றே பேர் வந்துடுச்சு. எதிர்த்த மனுஷன் பேரிலேயே!

நம்ம ஊருக்கும் வந்தது. அதே 1951-ல், சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் காலத்தில், உலக சுகாதார நிறுவனம் மூலமா டாக்டர் ஆபிரகாம் ஸ்டோன் இந்தியா வந்தார். டெல்லி லோதி காலனியிலும், அன்றைய மைசூர் மாநிலத்து ராமநகரத்திலும் சோதனை முயற்சி. நாள் எண்ண வசதியா கலர் மணிகள் கோத்த மாலை கொடுத்தாங்க. தினம் ஒரு மணி நகர்த்தணும். கொஞ்ச பேர்தான் தொடர்ந்து பயன்படுத்தினாங்க, திட்டம் எடுபடல. 'பெண்களுக்குப் புரியல' என்று பழி போடுறது சுலபம். என்னைக் கேட்டா, உடம்பு மணி எண்ணி நடக்காது. அதோட, "இன்னிக்கு வேண்டாம்" என்று புருஷன்கிட்ட சொல்லி அது நடக்கிற வீடு எத்தனை இருந்திருக்கும்?

இப்போ உங்க ஆப்புக்கு வருவோம். 2019-ல் ஒரு ஆப்பின் தகவல்களை வெச்சு வந்த ஆய்வு, 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளைப் பார்த்தது. சராசரி 29.3 நாள். சரியா 28 நாள் வந்தது சுமார் 13 சதவீதம்தான்! பாடப்புத்தகத்து 28 நாள், பெரும்பாலான மாசங்களில் பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறதே இல்லை.

அதனால, ஆப் சொன்ன தேதிக்கு மூணு நாலு நாள் தள்ளிப்போனா உங்க உடம்பு தப்பு பண்ணல, ஆப்போட கணிப்புதான் தப்பிச்சிருக்கு. பெரியவங்களுக்கு 21 முதல் 35 நாள் வரை இருந்தா பொதுவா கவலை இல்லை. கர்ப்பத்துக்கு வாய்ப்பு இருந்து தேதி ஒரு வாரம் தாண்டினா, கூகுள் பண்ணாம வீட்டிலேயே யூரின் டெஸ்ட் பாருங்க. கர்ப்பம் இல்லாமலே மூணு மாசம் வரலைன்னா, இல்ல அடிக்கடி 35 நாள் தாண்டுதுன்னா டாக்டரைப் பாருங்க. ஆப் 'சேஃப்' என்று காட்டுற நாளை மட்டும் நம்பிக் கருத்தடையை விட்டுடாதீங்க.

ஓ.பி.க்கு வரும்போது ஆப் சொன்ன தேதியை விட்டுட்டு, உண்மையிலேயே ரத்தம் வந்த முதல் நாள் தேதிகளைக் கொண்டு வாங்க. கடைசி ஆறு மாசத்துக்கு இருந்தா போதும். தினசரி காலண்டரில் பேனாவால வட்டம் போட்டு, கிழிச்ச தாளாவே எடுத்துட்டு வந்தாலும் சரி.