புளூரோடெசிஸ்

நுரையீரலைப் போர்த்தியிருக்கும் உறையையும் மார்புச் சுவரின் உட்புற உறையையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்து, இடையிலுள்ள வெளியை மூடிவிடும் சிகிச்சை. இயல்பான நிலையில் அந்த இடைவெளியில் சில மில்லிலிட்டர் நீரே இருக்கும். புற்றுநோய் உறைக்குப் பரவும்போது நீர் லிட்டர் கணக்கில் சேர்ந்து மூச்சை அடைக்கிறது. ஊசியால் எடுத்தாலும் பெரும்பாலும் திரும்பச் சேர்ந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கும், நுரையீரலிலிருந்து காற்று மீண்டும் மீண்டும் கசிபவர்களுக்கும் இது செய்யப்படுகிறது.

முதலில் விலாவிடையே குழாய் செருகி நீரை வடித்துவிடுவார்கள். நுரையீரல் முழுமையாக விரிந்து மார்புச் சுவரைத் தொடுகிறதா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பது மிக முக்கியம். தொடாத இரண்டு பரப்புகள் ஒட்டாது. பிறகு மரப்பு மருந்தும், அதைத் தொடர்ந்து உப்புநீரில் கலக்கிய சுமார் 4 கிராம் கிருமிநீக்கிய டால்க் தூளும் குழாய் வழியே செலுத்தப்படும். குழாயைச் சிறிது நேரம் அடைத்து வைத்துப் பின் திறந்துவிடுவார்கள். டால்க் உறைகளில் அழற்சியைத் தூண்ட, நாரிழைகள் வளர்ந்து இரண்டையும் பிணைக்கின்றன. நெஞ்சுவலியும் காய்ச்சலும் வருவது சகஜம். மிக நுண்ணிய துகள்கள் இரத்தத்தில் கலந்து நுரையீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும் என்பதால் பெரிய துகள் கொண்ட டால்க்கே பாதுகாப்பானது. கனடிய அறுவை மருத்துவர் நார்மன் பெத்யூன் 1935இல் டால்க்கை இதற்குப் பயன்படுத்தினார். டால்க்குக்குப் பதிலாக டாக்சிசைக்ளின், பிளியோமைசின், போவிடோன் அயோடின் ஆகியவற்றைப் பயன்படுத்துவதும் உண்டு. அயோடின் மலிவானது, எளிதில் கிடைப்பது. காற்றுக்கசிவுக்கு, கேமரா வழி அறுவையில் உறையைத் தேய்த்துப் புண்ணாக்கி ஒட்டவைப்பதும் வழக்கம்.

நுரையீரல் விரியாதவர்களுக்கு வீட்டிலேயே நீர் வடிக்க உதவும் நீண்டகாலக் குழாய் பொருத்தப்படும். இச்சிகிச்சை புற்றுநோயைக் குணப்படுத்தாது. ஆனால் படுத்துத் தூங்க முடியாமல் இரவெல்லாம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் நோயாளிக்கு, அடிக்கடி ஊசி குத்திக்கொள்ளாமல் மூச்சுவிட முடிவது சிறிய காரியமல்ல.