ஆடாதோடை: பெயரும் செடியும்

புதுச்சேரிப் பகுதிகளிலும் தமிழகத்திலும் இருமல், ஈளை, சளிக்கட்டு ஆகியவற்றுக்கு இன்றும் முதலில் நினைக்கப்படும் மூலிகைகளுள் ஒன்று ஆடாதோடை ஆகும். சித்த மருத்துவத்தில் இது குடிநீராகவும், இலைச்சாற்றைச் சர்க்கரையுடன் காய்ச்சிப் பக்குவப்படுத்தும் மணப்பாகாகவும் வழங்க, ஆயுர்வேதமோ இதை வாசா, வாசகம், அடரூஷம் என்ற பெயர்களால் குறித்து, இருமலுக்கு மட்டுமன்றி, உடலிலிருந்து குருதி கசியும் இரத்தபித்தம் என்னும் நோய்க்கும் சிறந்த மருந்தாகக் கொள்கிறது.

ஆளுயரத்துக்கும் மேலே வளரும் இப்புதர்ச்செடியின் இலைகள் மாவிலையைப் போல நீண்டு, எதிரெதிராக அமைந்து, கசக்கினால் நெடி வீசும். வெண்ணிறப் பூ மேலுதடும் கீழுதடுமாகப் பிளந்திருக்க, கீழுதட்டின் உட்புறத்தில் செவ்வூதாக் கோடுகள் ஓடும். திறந்த வாய் போன்ற இத்தோற்றத்தாலேயே வடமொழியில் இதற்குச் சிம்மாஸ்யம், அதாவது சிங்கமுகம், என்றொரு பெயரும் உண்டு.

தமிழ்ப் பெயருக்குப் பலரும் கூறும் விளக்கம், ஆடு தொடாத இலை என்பதாகும். கண்ட தழையை எல்லாம் கடிக்கும் ஆடு இச்செடியைப் பெரும்பாலும் மேயாமல் விலகிச் செல்வதும், அதனாலேயே இது வேலிச்செடியாக நடப்படுவதும் உண்மையே. எனினும் பொருள் பொருந்துவதால் மட்டும் சொற்பிறப்பு உறுதியாகிவிடாது. ஆடுதொடாப்பாளை என்னும் வேறொரு மூலிகையின் பெயரில் 'ஆடு', 'தொடா' என்ற இரு சொற்களும் சிதையாமல் நிற்கின்றன. 'தொடா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஆடாதோடையிலோ எதிர்மறை ஆகாரம் 'ஆடு' என்பதன்மேல் ஏறியிருக்க, 'தொடு' என்பதன் குறில் 'தோ' என நீண்டிருக்கிறது. இம்மாற்றம் தமிழ்ப் புணர்ச்சி விதிகளால் இயல்பாக விளையக்கூடியதன்று. மேலும் மலையாளத்தில் ஆடலோடகம், கன்னடத்தில் ஆடுசோகெ, தெலுங்கில் அட்டசரம், இந்தியில் அடூஸா, வடமொழியில் அடரூஷம் எனப் பல மொழிகளிலும் அட, ஆட என்ற தொடக்கம் காணப்படுவதை நோக்கினால், பழைய பெயரொன்று மொழிதோறும் திரிந்து வழங்க, தமிழர் அதற்கு ஆட்டைக் கொண்டு பொருள் கண்டனர் என்று கொள்வதே தகும். ஆடுதொடா இலை என்ற வழக்கு அந்த விளக்கத்திற்கேற்பப் பெயரையே திருத்திக்கொண்டதன் விளைவாகலாம்.

இப்பெயர் கடல் கடந்த வரலாறு தெளிவானது. இலங்கையில் டச்சுக் கம்பெனியின் மருத்துவராகப் பணியாற்றிய பால் ஹெர்மன், 1687-இல் வெளியிட்ட லைடன் தோட்டத்துத் தாவர நூலில், இலங்கையர் வழங்கும் அடதோடா என்று இச்செடியைப் பதிந்தார். சிங்களத்திலும் இதன் பெயர் ஆடதோடா என்றே முடிவதால், ஐகாரம் இழந்த அவ்வடிவம் சிங்களர் வாய்வழியே சென்றிருக்கக்கூடும். 1753-இல் லின்னேயஸ் ஜஸ்டிசியா அடதோடா என்று பெயரிட்டார். ஜஸ்டிசியா என்னும் பேரினப் பெயர் ஜேம்ஸ் ஜஸ்டிஸ் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்கலைஞரின் நினைவாக அமைந்தது. பின்வந்த நீஸ் என்னும் ஜெர்மானியர் அடதோடா வாசிகா என்று தென்னாட்டுப் பெயரையும் வடமொழிப் பெயரையும் இணைத்தார். இன்று தாவரவியலார் ஏற்பது லின்னேயஸ் இட்ட பெயரையே. ஆங்கிலேயரின் மலபார் நட், பிரெஞ்சுக்காரரின் நுவாயே தெ சேலான் (இலங்கை அக்ரோட்டு மரம்) ஆகிய இரண்டும் பொருந்தாப் பெயர்கள். இச்செடியின் காய் சிறு வெடிகனியேயன்றி உண்ணத்தக்க பருப்புள்ள கொட்டையன்று.

வேதியியலில் நிலைத்தது வடமொழிப் பெயராகும். சென்னை மாகாண அரசின் சின்கோனா வேதியியலராக இருந்த டேவிட் ஹூப்பர் 1888-இல் இலையிலிருந்து பிரித்த காரப்பொருள் வாசிசின் எனப்பட்டது. அதன் அமைப்பைப் பின்பற்றி உருவாக்கிய புரோம்ஹெக்சினும், அதிலிருந்து கிடைத்த அம்ப்ராக்சாலும் இன்று மருந்துக்கடைச் சளி மருந்துகளில் இடம்பெறுகின்றன. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்புடையதாதலால் கருவுற்ற பெண்கள் ஆடாதோடையைத் தவிர்க்க வேண்டும்.

பெயரொற்றுமையால் நேரக்கூடிய தீங்கும் சிறிதன்று. ஆடுதின்னாப்பாளை என்றும் வழங்கும் ஆடுதொடாப்பாளை தரையில் படரும் சிறுகொடி. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் விளைவிக்க வல்லது. ஆகவே ஆடுதொடா என்ற பொதுப்பெயரால் மூலிகை கேட்பதை விடுத்து, ஆடாதோடை என்று முழுப்பெயர் சொல்லி, பொடியாக அன்றி இலையாகவே பார்த்து வாங்குவது நன்று.