பல்லாவரம்: கடைசியில் வரையப்பட்ட வட்டம்

1863 மே 30. பல்லாவரத்து ராணுவ அணிவகுப்புத் திடலில் சரளைக்கல்லுக்காகத் தோண்டியிருந்த ஒரு பள்ளம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லை எடுக்கிறார். சாதாரணக் கல் இல்லை, மனிதன் செதுக்கிய கல். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கைக்கோடாரி என்று இன்றுவரை சொல்லப்படுவது அதுதான். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு போய் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார். அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் சாந்தி பப்பு குழுவினர் சொன்னபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பல்லாவரம் அப்படியே பின்வரிசைக்குப் போய்விட்டது.

வடபழனியில் மெட்ரோ ஏறி பரங்கிமலையில் இறங்கி, புறநகர் ரயில் பிடித்தால் நாலாவது ஸ்டேஷன் பல்லாவரம். திரிசூலம் தாண்டும்போது இடது பக்கம் பாருங்க. பாதி வெட்டித் தின்ற கேக் மாதிரி மலைகள் நிற்கும். அந்தக் கல்லுக்கே ஒரு தனிக்கதை இருக்கு. கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பக்கத்துப் பாறையிலிருந்து போனது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து அந்தப் பாறை வகைக்கு சார்னாக்கைட் என்றே பெயர் வைத்தார். உலகம் முழுக்க புவியியல் மாணவர்கள் படிக்கிற பெயர். பரங்கிமலையில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. பக்கத்து மலைகளில் அதே கல் ஜல்லியாகப் போனது.

அதோடு முடியவில்லை. இந்தக் குன்றுகளின் அடிவாரம் இரும்புக்கால மக்களின் இடுகாடு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அலெக்சாண்டர் ரீ இங்கே கண்டெடுத்த, கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குன்றின் மேல் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில், இப்போது தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது. (மக்கள் புழங்குகிற இடம் என்பதால்தான் அது பிழைத்தது என்பது என் கருத்து.)

சரி, இத்தனையும் இருக்கிற ஊரில் சட்டம் என்ன செய்தது?

1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் கீழ் 1992 ஜூன் 16 அன்று ஓர் அறிவிக்கை வந்தது. பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. 2010இல் இது சட்டத்துக்குள்ளேயே வந்து இறுகியது. 1992க்கு முன்பே இருந்த வீடு என்றால் அனுமதி வாங்கிப் பழுது பார்க்கலாம். காலி மனையில் புதுசா ஒரு செங்கல் வைக்க முடியாது.

ஜமீன் பல்லாவரத்தில் இந்த 100 மீட்டருக்குள் ஏற்கெனவே தெருக்கள் வந்துவிட்டன. அரை கிரவுண்ட் மனையை நகையை அடகு வைத்து வாங்கியவருக்கு வில்லங்கச் சான்றிதழில் எதுவும் தெரியாது. அது பதிவான பத்திரங்களைத்தான் காட்டும், மண்ணுக்கடியில் இருக்கிற ஈமப்பேழையைக் காட்டாது. பட்டாவும் அப்படியே. பிளான் அப்ரூவலுக்குப் போகும்போதுதான் விஷயம் தெரியும். அந்த மனிதருக்குத் தொல்லியல் மேல் என்ன மரியாதை வரும் சொல்லுங்க? "பழைய பானை ஓடு பெரிசா, என் பொண்ணு கல்யாணம் பெரிசா" என்றுதான் கேட்பார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது.

என் வேலையில் வரைபடத் தரவுகளோடு கொஞ்சம் புழங்கியிருக்கிறேன். ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் போடுவது ஒரு வரி நிரல். கோயிலுக்கோ கோட்டைக்கோ அது சரிப்படும், ஏனென்றால் எல்லைச்சுவர் கண்ணுக்குத் தெரிகிறது. கல்வட்டங்களும் ஈமப்பேழைகளும் சரிவு முழுக்கச் சிதறிக்கிடக்கும் ஒரு நிலப்பரப்புக்கு எந்த இடத்திலிருந்து 100 மீட்டர்? வட்டத்துக்குள்ளே ஒன்றுமே இல்லாத மனை முடங்கும், வெளியே ஜேசிபி ஓடும்.

2008இல் வந்த சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டத்தை எடுத்துப் பாருங்க. நிலப்பயன்பாட்டு வகைகளில் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை எல்லாம் உண்டு. தொல்லியல் நிலம் என்று ஒரு வகை கிடையாது. எனக்கு முக்கியமான சிக்கலாகப் படுவது இதுதான். முதலில் மனை, அப்புறம் சாலை, எல்லாம் முடிந்தபின் பாரம்பரியம்.

ஏரிக்கும் இதே கதிதான். பல்லாவரம் பெரிய ஏரியை நடுவில் கிழித்துக்கொண்டு துரைப்பாக்கம் ரேடியல் ரோடு போகிறது. ஒரு பக்கம் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டினார்கள். இந்தப் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் போய்ச் சேரும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய திட்ட அனுமதி தரக்கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டபோது, அந்த வட்டத்துக்குள்ளும் வீடுகள் இருந்தன, கடன்கள் இருந்தன. பல்லாவரம் கதையே பெரிய அளவில்.

2010 திருத்தத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு 20இ. ஒவ்வொரு சின்னத்துக்கும் அந்த இடத்துக்கே ஏற்றாற்போல் தனியாகப் பாரம்பரியத் துணைவிதிகள் எழுதப்பட வேண்டும் என்கிறது. பல்லாவரத்துக்கு அதைச் செய்ய முதலில் யாராவது குன்றுச் சரிவில் நடந்து, எது எங்கே எஞ்சியிருக்கிறது என்று சர்வே எண் வாரியாகக் குறிக்க வேண்டும். அந்தக் குறிப்பு சார்பதிவாளர் அலுவலகத்துக் கணினியிலும் இருக்க வேண்டும், பத்திரம் பதியும் முன் வாங்குபவர் கண்ணில் பட வேண்டும். தொழில்நுட்ப ரீதியாக இது பெரிய வேலை இல்லை, நம்புங்க. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. பல்லாவரம் நகராட்சி 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்துவிட்டதால், கேட்க வேண்டிய கதவும் இப்போது அங்கேதான் இருக்கிறது.