மிடறும் துருத்தியும்

பொறிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வலுவின் வரலாற்றையே எழுதி அமைகின்றனர். இத்துணைக் குதிரைவலு, இத்துணை மைல் வேகம், இத்துணை ஆயிரம் அடி உயரம் என்னும் கணக்குகளே நூல்களை நிரப்புகின்றன. அவ்வலுவை அடக்கியும் விடுத்தும் ஆளுகின்ற சிற்றுறுப்பு ஒன்றுண்டு. அதனைப் பற்றி ஒரு பந்தியேனும் காண்டல் அரிது. குழாயொன்றின் குறுக்கே மெல்லிய அச்சிற் சுழலும் வட்டத் தகடே அது. ஆங்கிலர் அதனைத் ‘திரொட்டில்’ என்பர். தொண்டை என்னும் பொருள்படும் அவர்தம் சொல்லினின்றும் பிறந்த பெயர் அது. ஆதலின் இக்கட்டுரையில் அதனை மிடறு என்றே வழங்குவோம். காற்றை நெருக்கிப் பொறிக்குள் வலிந்து ஊட்டும் ‘சுப்பர்சார்ஜர்’ என்னுங் கருவியைத் துருத்தி என்போம். கொல்லன் உலைக்களத்துத் துருத்தியின் தொழிலும் அதுவேயன்றோ?

மிடறும் துருத்தியும் ஒருங்கே அமைந்த பொறியில் எது முன்னே நிற்பது, மிடறு எத்துணை அகலமாக இருப்பது என்னும் வினாக்கள் நூறாண்டுகளாக எழுந்து வருகின்றன. பந்தயக் களத்தில் எழுந்த அவை ஒரு பெரும் போரிலும் எழுந்தன. அமெரிக்க நாட்டில் தன் சிறு லொறியின் மிடற்றைக் கழற்றி அகன்றதொன்றைப் பூட்டுபவன் முன்னும் இன்று அவையே எழுகின்றன.

இவ்விரண்டனுள் மிடறே மூத்தது. 1788 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாற் என்பார் தம் நீராவிப் பொறிக்குச் சுழலுங் குண்டுகள் இரண்டினாலாய வேகங்காக்கும் கருவியைப் பொருத்தினார். பொறி விரைந்தால் குண்டுகள் அகன்று விரியும். அவை விரிய, நீராவிக் குழாயிலுள்ள தகடு மூடும். மிடற்றைப் பொறியே ஆண்ட முறை அது. மோட்டார் வண்டி தோன்றியபின் அவ்வாட்சி சாரதியின் காலுக்கு மாறியது.

துருத்தியின் கதை வேறு. பிலாந்தர் றூற்ஸ், பிரான்சிஸ் றூற்ஸ் என்னும் உடன்பிறந்தார் இருவர் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக் கொனேர்ஸ்வில் என்னும் ஊரினர். ஒன்றையொன்று தழுவிச் சுழலும் இரு மடல்களால் காற்றைத் தள்ளும் ஊதியொன்றை அவர்கள் 1860 இல் ஆக்கினர். அது உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றூட்டியது. மோட்டார் என்பதொன்று பிறவாத காலம் அது. பின்னர்க் கொற்லீப் டைம்லர் 1885 ஆம் ஆண்டின் தம் உரிமைப்பத்திரமொன்றில் பொறிக்குள் காற்றை நெருக்கிச் செலுத்தும் எண்ணத்தை வெளியிட்டார். எனினும் அவ்வெண்ணம் தெருவுக்கு வர முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1921 இல் பேர்லின் கண்காட்சியிலே மேர்சிடிஸ் நிறுவனத்தார் துருத்தி பூண்ட வண்டிகளைக் காட்டினர்.

அவர்தம் முறையில் துருத்தி முன்னும் மிடறு பின்னும் நின்றன. சாரதி மிதியை அடிவரை அழுத்தினாலன்றித் துருத்தி சுழலாது. சுழன்றபோது அது காபுரேற்றருக்குள்ளேயே காற்றை ஊதிற்று. 1923 இல் மொன்சாவில் வென்ற பியற் வண்டியும் ஊதும் முறையினதே. துருத்தி பூண்ட வண்டியொன்று கிராண்ட் பிறி பந்தயத்தில் வெற்றி பெற்றமை அதுவே முதன்முறை. மறுவருடம் ஆங்கிலேயரின் சன்பீம் வண்டி இவ்வரிசையை மாற்றியது. காபுரேற்றரையும் மிடற்றையும் முன்னே நிறுத்தித் துருத்தி அவற்றினூடாக உறிஞ்சுமாறு செய்தனர். துருத்தியினுள்ளே பெற்றோல் ஆவியாகுங்கால் காற்றின் வெப்பந் தணிந்தது; காபுரேற்றருக்குள் அழுத்தம் ஏற்றும் தொல்லையும் ஒழிந்தது. இதனால் உறிஞ்சு முறையே பெரிதும் பரவலாயிற்று. ஆயினும் அம்முறையில் மறைந்துள்ள குறையொன்று சில ஆண்டுகளின் பின்னர் வானத்தில் வெளிப்பட்டது.

ஸ்பிற்பயர், ஹரிக்கேன் என்னும் ஆங்கிலப் போர்விமானங்களை இயக்கிய றோல்ஸ் றோய்ஸ் மேர்லின் பொறி உறிஞ்சு முறையினது. உயரச் செல்லச் செல்லக் காற்று மெலியுமாதலின், மெலிந்த காற்றிலும் வலுத் தரத்தக்க பெருந்துருத்தி அதற்கு வேண்டப்பட்டது. அத்துருத்தி தரையருகே முழுமூச்சாய் ஊதினாற் பொறி சிதறிவிடும். ஆகவே புறப்படும்போது மிடற்றைப் பாதி அடைத்தே வைக்கவேண்டும். மேலேறுந்தோறும் தானியங்குங் கருவியொன்று அதனைச் சிறிது சிறிதாகத் திறந்துவிடும். மிடறு முற்றத் திறந்துவிடும் உயரத்தை முழுமிடற்றுயரம் என்னலாம். அதற்கு மேற் சென்றால் வலு குறையத் தொடங்கும். எதிரி அவ்வுயரத்துக்கு மேல் நின்றால் விமானியின் துணிவு எவ்வளவினதாயினும் பொறி அவனுக்கு உதவாது.

1938 இல் அந்நிறுவனத்திற் சேர்ந்த ஸ்ரான்லி ஹூக்கர் பொறியியலிற் பயின்றவரல்லர். ஒக்ஸ்போட்டில் ஆய்வுப்பட்டம் பெற்ற கணிதவல்லுநர். பாய்பொருளின் இயக்கமே அவர் கற்ற துறை. துருத்தியின் சோதனைக் கணக்குகளை எடுத்து ஆராய்ந்தவர், துருத்தியிற் காற்றுச் செல்லும் வழிகள் செவ்வையாக அமையவில்லை எனக் கண்டார். சிறப்பாக, துருத்தியின் வாய்க்குச் செல்லும் வளைகுழாய் காற்றை நெருக்கிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு கணக்கை நோக்குக. துருத்தி காற்றழுத்தத்தை இருமடங்காக்குவதாயின், அதன் வாய்க்கு முன்னே ஓர் இறாத்தல் அழுத்தத்தை இழந்தால் பின்னே இழப்பது இரண்டு இறாத்தல். முன்னே நேரும் நட்டத்தையும் துருத்தி பெருக்கியே தரும். உறிஞ்சு முறையின் குறை இதுவே. ஹூக்கர் வளைவையும் உட்பாதைகளையும் திருத்தியமைத்தார். முழுமிடற்றுயரம் ஏறத்தாழ 16,000 அடியிலிருந்து 19,000 அடிக்கு உயர்ந்தது. அத்திருத்தம் பெற்ற மேர்லின் 45 என்னும் பொறி 1941 இல் ஸ்பிற்பயர் விமானங்களில் ஏறியது. புதிய உலோகமோ புதிய எரிபொருளோ இன்றி, காற்றின் வழியைச் செப்பனிட்டமையாற் பெற்ற மூவாயிரம் அடி அது. போர்க்கால வரலாற்றைப் படிக்கும் மாணாக்கர் தளபதிகளின் பெயர்களோடு இவர் பெயரையும் குறித்துக்கொள்வது தகும் என்பது எம் கருத்து.

அகலமாக்கியதால் விளைந்த நன்மை அது. ஒடுக்கியதால் விளைந்த நன்மையொன்றும் அதே பொறியின் வரலாற்றில் உண்டு. 1940 ஆம் ஆண்டுப் போரில் ஜேர்மன் விமானி தன் விமானத்தின் மூக்கைச் சடுதியாகக் கீழ்நோக்கித் தள்ளித் தப்புவான். அவன் பொறிக்கு எரிபொருள் பீச்சி ஊட்டப்பட்டமையால் அது தடையின்றி ஓடும். பின்தொடரும் ஸ்பிற்பயரின் காபுரேற்றரிலோ எரிபொருள் மேலெழும்பிவிடும். பொறி முதலில் விக்கும். பின்னர், பம்பி தள்ளிய மிகையான எரிபொருள் வெள்ளமாய்ப் புகப் பொறி மூச்சடைத்து நிற்கும். பாண்பரோ ஆய்வுநிலையத்திற் பணியாற்றிய பீற்றிஸ் ஷில்லிங் என்னும் பெண்மணி இதற்கொரு தீர்வு கண்டார். புறூக்லண்ட்ஸ் ஓடுகளத்தில் மணிக்கு நூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டிப் பொன்விண்மீன் விருது பெற்றவர் அவர். பொறி முழுவலுவில் வேண்டும் எரிபொருள் எவ்வளவோ அவ்வளவே செல்லத்தக்க துளையுடைய சிறு உலோக வில்லையை எரிபொருட் குழாயில் இட்டார். 1941 ஆம் ஆண்டு மார்ச்சு மாதந் தொடக்கம் அவரே சிறு குழுவொன்றோடு விமானத்தளங்கள்தோறுஞ் சென்று அவற்றைப் பொருத்தினார். விமானத்தைச் சேவையினின்றும் நிறுத்தவேண்டிய தேவையும் இருக்கவில்லை. விக்கல் முற்றாகத் தீரவில்லையாயினும் மூச்சடைப்பு நீங்கியது. விமானிகள் அவ்வில்லையை அவர் பெயராலேயே அழைத்தனர். இது எரிபொருளின் மிடறேயன்றிக் காற்றின் மிடறன்று என ஒருவர் தடை கூறலாம். காற்றும் எரிபொருளும் ஒன்றற்கொன்று அளவாய்ச் சென்றாலன்றிப் பொறி ஓடாது. ஒன்றன் வாயைத் தொட்டவன் மற்றதன் வாயையும் தொட்டே ஆகவேண்டும்.

வானூர்தி நிற்க, லொறிக்கு வருவோம். 1938 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தார் ஈரடிப்பு டீசல் பொறி வரிசையொன்றை வெளியிட்டனர். உருளை ஒன்றுக்கு 71 கன அங்குலமாதலின் ஆறுருளைப் பொறி 6-71 எனப்பட்டது. அதன் பக்கத்திற் பூட்டிய றூற்ஸ் ஊதி மிகைவலுத் தருவதற்கன்று. எரிந்த புகையை வெளியேற்றிப் புதுக்காற்றை நிரப்புவதற்கே. துருத்தியின்றி அப்பொறி ஓடவே ஓடாது. 1954 இல் வந்த ஆங்கிலேயரின் கொமர் லொறியிலிருந்த மூன்றுருளை ஆறுமுசலப் பொறிக்கும் றூற்ஸ் ஊதியே மூச்சளித்தது. அதனை ஆக்கியோர் றூற்ஸ் குழுமத்தார் எனப்பட்டமையாற் பலர் மயங்குவர். ஒலி ஒன்றாயினும் எழுத்து வேறு, குடும்பமும் வேறு. இவ்வகை டீசல் பொறிகளுக்கு ஆளும் மிடறு இல்லை என்பதே நாம் ஈண்டு நோக்கத்தக்கது. காற்றைத் தடையின்றி உண்ணவிட்டு எரிபொருளின் அளவாலேயே வேகத்தை ஆள்வர். ஆனால் கட்டுப்பாடு தவறிப் பொறி வெறிகொண்டு ஓடினால் எரிபொருளை நிறுத்துவது போதாது. தன் எண்ணெயையே உறிஞ்சி எரித்து ஓடும். இதற்கஞ்சி 6-71 இனப் பொறிகளின் காற்றுவாயில் ஒரு மூடுதகடு வைத்தனர். ஆபத்தில் மட்டும் விழும் மிடறு அது.

போர் முடிந்தபின் கலிபோர்ணியா இளைஞர் இத்தகைய லொறி ஊதிகளைக் கழற்றிப் பெற்றோல் பொறிகளின் தலைமேலேற்றிப் பந்தயம் ஓடினர். பெற்றோல் பொறிக்கு மிடறு இன்றியமையாதது. அதனை ஊதியின் மேல் வைத்தனர். இவ்வாறு சன்பீம் காட்டிய வரிசையே மீண்டது. 1999 முதல் 2004 வரை போட் நிறுவனத்தார் ‘லைற்னிங்’ என்னும் பெயரில் விற்ற சிறு லொறியும் அவ்வரிசையினதே. 5.4 லீற்றர் கொள்ளளவுள்ள எட்டுருளைப் பொறி. சுற்றொன்றுக்கு 112 கன அங்குலக் காற்றைத் தள்ளும் ஈற்றன் ஊதி. தொடக்கத்தில் 360 குதிரைவலு, 2001 தொட்டு 380. ஊதி தரும் மிகையழுத்தம் ஏறத்தாழ எட்டு இறாத்தல்.

இவ்வகை வண்டியின் மிடற்றை அகலமாக்க உடையார் பலர் விரும்புவர். ஹூக்கரின் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். வளியழுத்தம் 14.7 இறாத்தல், மிகை எட்டு. ஆகவே பெருக்கம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். மிடற்றில் இழக்கும் ஓர் இறாத்தல் பொறியின் வாயில் ஒன்றரை இறாத்தலாகும். 60 மில்லிமீற்றர் விட்டமுள்ள மிடற்றை 75 ஆக்கினால் விட்டம் காற்பங்கே கூடும்; பரப்போ அரைப்பங்குக்கு மேற் கூடும். இத்துணையும் மெய்யே. ஆனால் மிடற்றுக்கு முன்னுள்ள வடியோ, காற்றளக்கும் உணரியின் குழாயோ, பின்னுள்ள ஊதியின் வாயோ அதனினும் ஒடுங்கியிருப்பின் இட்ட பணம் வீண். எங்கே அழுத்தம் விழுகிறது என்பதை மிடறு முற்றத் திறந்த நிலையில், இடந்தோறும் அழுத்தமானி வைத்தே அறியவேண்டும். ஹூக்கர் வாங்குவதற்கு முன்னே கணக்குப் பார்த்தார். இவர்களுட் பலர் வாங்கியபின்னும் பார்ப்பதில்லை.

பூட்டியபின் உள்ளது சுருதிகூட்டும் வேலை. பெருமிடறு சிறிது திறந்தாலும் மிகுந்த காற்றை விடுமாதலின் வண்டி மெல்ல நகரவேண்டிய இடத்திற் பாயும். தகடு மூடிய நிலையிற் கசியுங் காற்றின் அளவு மாறுவதால், நின்ற வண்டியின் பொறி ஏறியிறங்கித் தடுமாறும். தகட்டின் நிலையுணர்த்தும் கருவியையும் வெறுநிலைக் காற்றையும் முதலிற் செவ்வை செய்தல்வேண்டும். முழுவலுவிலோ ஆபத்துப் பெரிது. கூடிய காற்றுக்கு ஈடாகப் பீச்சிகள் பெற்றோல் தராவிடின் கலவை வறண்டு, பொறி தட்டும் ஓசை எழும். அவ்வோசையைப் பொருட்படுத்தாதவன் முசலத்தை இழப்பான். காற்றளக்கும் உணரி தன் எல்லையைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் வருங் காற்றைக் கணினி அறியாது. ஆதலின் மிடறு மாற்றியவன் கணினியின் அட்டவணைகளையும் மாற்றி, புகைக்குழாயில் எஞ்சிய ஒட்சிசனை அளந்து சரிபார்த்த பின்னரே மிதியை அடிவரை அழுத்தலாம்.

லைற்னிங்கின் மிதிக்கும் மிடற்றுக்கும் இடையே கம்பியொன்று இருந்தது. 2021 ஆம் ஆண்டு மாதிரியாக வந்த, 702 குதிரைவலுவுடைய துருத்தி பூண்ட றாம் சிறு லொறியில் அக்கம்பி இல்லை. சாரதியின் கால் தன் விருப்பத்தை மின்குறியாகத் தெரிவிக்கிறது. தகட்டை எத்துணைத் திறப்பதென்று தீர்மானிப்பது கணினி. சுருதிகூட்டுவோர் இப்பொழுது முதலில் திருத்துவதும் அத்தீர்மானத்தையே. வாற்றின் சுழலுங் குண்டுகளிடம் இருந்த ஆட்சி, இடையிலே ஒரு நூற்றாண்டுக் காலம் மனிதன் காலிடம் இருந்து, மீண்டும் பொறியிடமே சென்றிருக்கிறது.