டிவிக்குள்ளிருந்து கிளம்பிய இரண்டு கம்பிகள்

வெப்பம், காற்றழுத்தம், வெளிச்சம் என எதையாவது அளக்கும் சிறு சென்சார் ஒன்றை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதன் விளிம்பில் எஸ்டிஏ, எஸ்சிஎல் என்று இரண்டு முனைகள் இருக்கும். ஒன்றில் தகவல் போகும், மற்றதில் அதற்கான தாளம். (மின்சாரத்துக்கு இன்னும் இரண்டு கம்பி வேண்டும், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.) இந்த ஜோடி சென்சார்களுக்காகப் பிறந்ததே அல்ல.

1982-ல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்துக்கு டிவி பற்றித்தான் கவலை. சேனல், ஒலி, நிறம் எல்லாவற்றையும் ஒரு சிப் மேய்க்க வேண்டும். ஒவ்வொரு சிப்புக்கும் கம்பிகளைக் கற்றையாக இழுத்தால் பலகை பெரிதாகும், விலை ஏறும். சிக்கனத்துக்காக அவர்கள் வகுத்த இரு கம்பி வழிதான் ஐ-டூ-சி.

அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. இரண்டு கம்பிகளையும் மின்தடைகள் உயர்ந்த மின்னழுத்தத்திலேயே வைத்திருக்கும். சிப்புகளால் அதைத் தாழ்த்த மட்டுமே முடியும். ஆகவே இரண்டு சிப்புகள் ஒரே நேரத்தில் பேசினாலும் எதுவும் கருகாது. தலைமைச் சிப் 7 பிட் முகவரி ஒன்றை அழைக்கும். அதற்கு உரியது மட்டும், வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொல்வதுபோல, தகவல் கம்பியை ஒரு தாளத்துக்குத் தாழ்த்திக் காட்டும். மொத்த முகவரிகள் 128. ஒதுக்கி வைத்த 16 போக மிச்சம் 112. டிவிக்கு அதுவே தாராளம்.

பிறகு கண்டவர்களெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். 1995-ல் இன்டெலும் பேட்டரி வியாபாரியான டியூராசெலும் கைகோத்து, விதிகளைச் சற்று இறுக்கி, எஸ்எம்பஸ் என்று பெயர் சூட்டின. லேப்டாப் பேட்டரி தன்னிடம் எவ்வளவு மிச்சம் என்று சொல்வது அந்த வழியில்தான். கம்ப்யூட்டர் திரைகளும் தம் அளவைச் சொல்ல இதே முறையைப் பிடித்துக்கொண்டன. எச்டிஎம்ஐ கேபிளுக்குள் இன்றும் அந்த இரண்டு கம்பிகள் ஓடுகின்றன. டிவியின் வயிற்றிலிருந்து வெளியேறியது, வாசல் வழியாக மறுபடி டிவிக்கே வந்துவிட்டது!

அட்மெல் நிறுவனம் இதையே தன் சிப்புகளில் வைத்து, பிலிப்ஸின் பெயரைத் தொடாமல் 'இரு கம்பி இடைமுகம்' என்று அழைத்தது. 2005-ல் இத்தாலியின் இவ்ரேயாவில் பிறந்த ஆர்டுயினோ என்ற மின்னணுப் பலகை அட்மெல் சிப்பில்தான் ஓடியது. அதில் ஐ-டூ-சிக்கான நிரல் தொகுப்பின் பெயர் வெறும் 'வயர்'. அடுத்த ஆண்டு நின்டெண்டோவின் வீ விளையாட்டுக் கருவி வந்தது. அதன் நன்சக் கைப்பிடிக்குள்ளும் ஐ-டூ-சி ஓடுவதைக் கண்டுகொண்ட பொழுதுபோக்காகக் கருவிகள் செய்பவர்கள், கேபிளை வெட்டி ஆர்டுயினோவில் செருகினார்கள். விளையாட்டுச் சாமான், மலிவான அசைவு சென்சாராகிவிட்டது. காப்புரிமைக் காலமும் முடிந்தபின் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிச் சிப் செய்யலாம் என்றானது. முகவரி ஒதுக்குவதற்கு மட்டும் பிலிப்ஸின் வாரிசான என்எக்ஸ்பி காசு வாங்குகிறது.

ஆனால் 112 முகவரிகளுக்குள் உலகத்துச் சென்சார்கள் அடங்குமா? போஷின் பிஎம்இ280 சென்சாருக்கு இரண்டே முகவரிகள். மூன்றாவதை அதே கம்பியில் மாட்டினால் மோதல்தான். கைபேசித் துறையின் மிபி கூட்டமைப்பு கொண்டுவந்த ஐ-த்ரீ-சி, இணைந்தபின் முகவரி வழங்கி அந்த நெரிசலைத் தீர்க்கிறது. பழைய ஐ-டூ-சி சென்சார்களையும் அதே கம்பிகளில் சேர்த்துக்கொள்ளும். ஒரு நிபந்தனை: தன் வேலை முடியும்வரை தாளக் கம்பியைப் பிடித்து நிறுத்திவைக்க ஐ-டூ-சியில் சென்சாருக்கு இருந்த உரிமை அங்கே செல்லாது.