முத்திரையில்லாத உறைகள்

அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் ஏராளம். அவர்களுக்குள் ஒரு தனிப்பிரிவு உண்டு. இவர்களுக்குத் துப்பாக்கியைவிட அதை வைத்திருந்த தோலுறைதான் முக்கியம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கையால் வெட்டி, கையால் தைத்து, கையால் பூவேலை செய்த உறைகளைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஓர் உறை கைக்கு வந்ததும் அவர்கள் முதலில் தேடுவது முத்திரையை. சான் பிரான்சிஸ்கோவின் மெயின் அண்ட் வின்செஸ்டர், செயேன் நகரத்து மீனியா, டென்வரின் ஹெய்சர், போர்ட்லாந்தின் லாரன்ஸ் என்று சேணக்கடைக்காரர்கள் தோலில் அழுத்திவிட்டுப் போன பெயர்கள் இருந்தால் விலை ஏறும். இல்லாவிட்டால் 'செய்தவர் தெரியவில்லை' என்று எழுதிவிடுவார்கள்.

ஆண்களின் இடுப்பில் தொங்கிய இந்தத் தோல்பையில் பெண்களுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். அந்தப் பையைச் செய்தவர்கள் யார் என்று கேட்கும்போது நம் வேலை தொடங்குகிறது.

சாமுவேல் கோல்ட் தன் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றது 1836-இல். அதற்கு முன்பு கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் குதிரைச் சேணத்தின் முன்புறத்தில்தான் தொங்கின. 1849-இன் தங்க வேட்டையும், 1851-இல் வந்த எடை குறைந்த கோல்ட் நேவி துப்பாக்கியும் உறையை மனித இடுப்புக்குக் கொண்டுவந்தன. துப்பாக்கியின் உடலை ஒட்டி ஒடுக்கமாகத் தைத்த அக்கால உறையைக் கலிபோர்னியா பாணி என்கிறார்கள். 1870-களுக்குப் பின் மெக்சிகன் பாணி பரவியது. ஒரே தோல்துண்டை மடித்து, பின்பக்க மடிப்பில் கீறிய வாய்களுக்குள் உறையைச் செருகிவிடும் எளிய அமைப்பு அது. மெக்சிகோவின் மாடுமேய்க்கும் குதிரைவீரர்களும் அவர்களுடைய தோல் கைவினைஞர்களும் வளர்த்தெடுத்த மரபின் மேல் வெள்ளையர் கடைகளின் முத்திரை விழுந்தது. பெயரிழப்பின் முதல் அடுக்கு இது.

செய்முறை பொறுமை கேட்பது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோலை நனைத்து, துப்பாக்கியின் வடிவத்துக்கு அழுத்தி உலரவிடுவார்கள். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் கத்தியால் கீறி, இரும்பு அச்சுகளால் தட்டி, கொடியும் பூவும் எழுப்புவார்கள். மெழுகு தடவிய நூலை இரண்டு ஊசிகளில் கோத்து, எதிரெதிராக ஒரே துளையில் செலுத்தித் தைப்பார்கள். ஒரு பக்கத்து நூல் அறுந்தாலும் மறுபக்கத்து நூல் பிடித்துக்கொள்ளும்.

கண்ணிமைக்கும் நேரத்தில் துப்பாக்கியை உருவும் திரைப்பட நாயகர்களின் உறை இதுவல்ல. அந்தக் காலத்து உறைகள் ஆழமானவை. தூசியும் மழையும் படாமல், குதிரை துள்ளும்போது நழுவிவிடாமல் துப்பாக்கியைக் காப்பதே அவற்றின் வேலை. விரைவாக உருவுவதற்காக உள்ளே உலோகத்தகடு வைத்த உறை 1950-களில் ஆர்வோ ஒஜாலா ஹாலிவுட்டுக்குச் செய்துகொடுத்தது. அந்த ஆண்மையின் சாகச பிம்பம் பெருமளவுக்கு ஸ்டூடியோ தயாரிப்பு.

'பில்லி தி கிட்' என்ற கொள்ளையனின் புகைப்படம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1880-ஐ ஒட்டி இரும்புத்தகட்டில் எடுத்த அந்தப் படம் 2011-இல் 23 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. படத்தில் உறை இடது இடுப்பில் தெரிகிறது. அதனால் அவன் இடக்கைக்காரன் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1958-இல் அப்படியொரு பெயரிலேயே திரைப்படமும் வந்தது. அவன் கையிலிருந்த வின்செஸ்டர் துப்பாக்கியில் தோட்டா நிரப்பும் வாய் வலப்பக்கம் இருக்க வேண்டும். படத்தில் அது இடப்பக்கம் இருந்தது. தகட்டுப்படம் கண்ணாடியைப்போல் இடவலம் மாற்றிக் காட்டும் என்பதை அது நினைவூட்டியது. தோட்டா வாயைக் கவனித்தவர்களால்தான் கதை திருத்தப்பட்டது. பெண்ணிய வரலாற்று வாசிப்பும் பல சமயம் இப்படிப்பட்ட சிறிய விவரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நகர்கிறது.

பெண்கள் துப்பாக்கி வைத்திருக்கவில்லையா? வைத்திருந்தார்கள். பாவாடையின் பையிலும், குளிருக்குக் கைகளை நுழைத்துக்கொள்ளும் மென்மயிர் உறையிலும் சிறு துப்பாக்கிகள் இருந்தன. வெளியே தெரியும்படி உறை அணிந்த பெண் வேடிக்கைப் பொருளானாள். 1886-இல் பெல் ஸ்டார் குதிரைமேல் ஒருபக்கமாக அமர்ந்து, இடுப்பில் உறையுடன் எடுத்துக்கொண்ட படம் 'கொள்ளைக்காரி'யின் சின்னமாகியது. 1899-இல் அரிசோனாவில் பயணவண்டியைக் கொள்ளையடித்துப் பிடிபட்ட பேர்ல் ஹார்ட்டை ஆணுடையும் துப்பாக்கியுமாக நிறுத்திப் படமெடுத்தார்கள். அடிமையாகப் பிறந்த மேரி ஃபீல்ட்ஸ் அறுபது வயதைக் கடந்தபின், 1895-இல், மான்டானாவில் அஞ்சல் சுமக்கும் ஒப்பந்தம் பெற்று, ஆயுதம் தாங்கி வண்டி ஓட்டினார். அவர் செய்தது வேலை; நினைவில் நின்றதோ 'முரட்டுப் பெண்' என்ற கதை. ஆணின் இடுப்பில் வரலாறாக இருந்த பொருள் பெண்ணின் இடுப்புக்கு வந்ததும் விநோதமாகிவிடுகிறது.

சேகரிப்பாளர்களின் கண்ணாடிப் பெட்டிகளில் இன்னொரு வகை உறையும் உண்டு. வெள்ளை, நீலம், சிவப்பு மணிகள் வரிவரியாகப் படர்ந்திருக்கும். லகோட்டா, செயேன், பிளாக்ஃபீட் முதலான சமவெளிப் பழங்குடிகளின் வேலைப்பாடு அது. அங்கே தோல் பதனிடுவதும் அதில் முள்ளம்பன்றி முள்ளாலோ கண்ணாடி மணியாலோ கோலம் தைப்பதும் பெண்களின் கலை. வெனிஸிலும் பொஹீமியாவிலும் வார்த்த மணிகள் வணிகர்கள் வழியாக அவர்கள் கைக்கு வந்தன. தம் வீட்டு ஆண்களுக்கும் செய்தார்கள்; பின்னாளில் சிப்பாய்களுக்கும் மாடுமேய்ப்பவர்களுக்கும் விற்பதற்கும் செய்தார்கள். இவற்றில் முத்திரை கிடையாது. காட்சியகத்தின் சீட்டில் இனத்தின் பெயரும் ஓர் ஆண்டும் இருக்கும். செய்தவள் இருக்கமாட்டாள்.

ஒரு தோலைப் பதனிடுவது பல நாள் உழைப்பு. தரையில் முளையடித்து விரித்து, ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்ட வேண்டும். உலர்ந்தபின் கொத்துக்கருவியால் சீவிச் சீராக்க வேண்டும். விலங்கின் மூளையைக் குழைத்துத் தேய்த்து, ஊறவைத்து, முறுக்கிப் பிழிந்து, மென்மையாகும்வரை இழுக்க வேண்டும். கடைசியில் புகைபோட்டால்தான் நனைந்தாலும் விறைக்காது. காட்டெருமைத் தோல் வணிகம் கொழித்ததன் பின்னால் இந்தப் பெண்களின் தோள்வலி இருந்தது. 1871-ஐ ஒட்டி, காட்டெருமையின் பச்சைத்தோலை ஆலைகளில் பதனிடும் முறை வந்ததும் நிலைமை மாறியது. இயந்திரங்களை ஓட்டும் தோல்வார்களுக்காகத் தோல்கள் ரயிலேறின. 1889-இல் எண்ணிப் பார்த்தபோது வட அமெரிக்காவில் எஞ்சியவை சுமார் ஆயிரம் எருமைகளே. உணவும் வீடும் உடையும் மட்டுமல்ல, பெண்களின் தொழிலறிவுக்கான கச்சாப்பொருளும் அத்தோடு போயிற்று. பின்னர் அவர்கள் மணி தைத்தது பெரும்பாலும் அரசு ஒதுக்கிய நிலங்களில், கிடைத்த மாட்டுத்தோலின் மேல்.

அந்தப் பெண்கள் தங்கள் வேலைக்கு உரிமை கோராதவர்கள், பெயரைப் பொருட்படுத்தாதவர்கள் என்றொரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. சான்றுகள் வேறுவிதமாகப் பேசுகின்றன. எல்க் மானின் கொம்பில் செய்த சுரண்டுகருவியின் பிடியில் லகோட்டாப் பெண்கள் புள்ளிகள் பொறித்தார்கள். அவள் பதனிட்டு முடித்த தோல்களின் கணக்கு அது. செயேன் பெண்களிடம் முள்வேலைக்கென்று புனிதமான கைவினைக் குழு இருந்தது. போரில் செய்த வீரச்செயல்களை ஆண்கள் சபையில் எடுத்துச் சொல்வதுபோல, தாம் தைத்து முடித்த போர்வைகளைப் பெண்கள் அங்கே எண்ணிச் சொன்னார்கள். ஹிடாட்சா இனத்து வஹீனி, மானுடவியலாளர் கில்பர்ட் வில்சனிடம் தன் வாழ்க்கையைச் சொன்னபோது, உழைப்புக்காகத் தனக்கு அணிவிக்கப்பட்ட இடைக்கச்சையைப் பெருமையோடு குறிப்பிட்டார். அதை விலைக்கு வாங்க முடியாது, வழங்கப்பட வேண்டும்.

ஆக, கையொப்பம் இருந்தது. அது கருவியின் பிடியில் இருந்தது, சபையின் பேச்சில் இருந்தது, இடுப்புக் கச்சையில் இருந்தது. உறையை மட்டும் பிரித்தெடுத்து வாங்கிய கைகள் மற்றவற்றைக் கேட்கவே இல்லை. 'தெரியவில்லை' என்ற சொல் செய்தவளைப் பற்றியதல்ல. வாங்கியவர் எதைக் கேட்காமல் விட்டார் என்பதைப் பற்றியது.

வாங்கினார்கள் என்று எப்போதும் சொல்லிவிடவும் முடியாது. 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ ஓடைக்கரையில் அமெரிக்கப் படை 250 முதல் 300 வரையிலான லகோட்டா மக்களைக் கொன்றது. பெண்களும் குழந்தைகளும் அதில் மிகுதி. பிணங்களிலிருந்து கழற்றிய உடைகளும் காலணிகளும் நினைவுப்பொருளாக விற்பனைக்குப் போயின. மாசசூசெட்ஸில் பேரி என்னும் சிற்றூரின் அருங்காட்சியகம் அங்கிருந்து வந்ததாகக் கருதப்படும் பொருள்கள் உட்பட சுமார் 150 பொருள்களை 2022 நவம்பரில்தான் திருப்பிக் கொடுத்தது. பூர்வகுடிகளின் புனிதப் பொருள்களையும் முன்னோரின் எச்சங்களையும் திருப்பித்தர வகைசெய்யும் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு அமைப்புகளையும் அரசு நிதி பெறும் நிறுவனங்களையும்தான் கட்டுப்படுத்துகிறது. தனியார் வரவேற்பறைகளில் உள்ளவை அதன் எல்லைக்கு வெளியே.

அதியமானின் தூதாகச் சென்ற ஔவை, தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்துப் பாடியது புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. நெய்பூசிப் பீலியணிந்து பளபளத்த ஆயுதங்களில் அவை பயன்படாமல் இருப்பதைப் படித்தவள் அவள். காட்சிக்கு வைத்த ஆயுதத்தைப் புகழ்ந்தபடியே கேள்வி கேட்கும் வித்தை நமக்குப் பழையது.

2019-இல் மினியாபொலிஸ் கலைக்கூடத்தில் பூர்வகுடிப் பெண் கலைஞர்களுக்கென்று ஒரு பெரும் கண்காட்சி நடந்தது. அதை வடிவமைத்த இருவரில் ஒருவர் கயோவா இனத்து மணிவேலைக் கலைஞர் டெரி கிரீவ்ஸ். இப்போது சில காட்சியகங்கள் தம் சீட்டுகளில் 'தெரியவில்லை' என்பதை நீக்கி, 'ஒருகாலத்தில் பெயர் அறியப்பட்டிருந்த கலைஞர்' என்று எழுதுகின்றன. நீளமான தொடர்தான். ஆனால் அவளை அவள் ஊர் அறிந்திருந்தது என்பதையும், அந்தப் பெயர் பிறகு தொலைக்கப்பட்டது என்பதையும் அது சேர்த்தே சொல்கிறது. நம் ஊர் அருங்காட்சியகங்களில் கூடைக்கும் பாய்க்கும் பானைக்கும் அருகில் நிற்கும்போதும் நாம் முதலில் படிக்க வேண்டியது அந்தச் சீட்டைத்தான்.